முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரி

மெஷினை நிறுத்துங்க பாய். முதல்ல அதை நிறுத்துங்க, அப்புறம் பேசுவோம். சத்தத்துல நான் சொன்னது காதுல விழலைன்னு நாளைக்கு நீங்க சொல்லிடக் கூடாது.

இந்தா, நேத்து நீங்க குடுத்தனுப்பின புரூஃப். முப்பத்தோராம் பக்கம், மேல இருந்து ஒன்பதாவது வரி. வாசிங்க. வேண்டாம், நானே வாசிக்கேன். 'எட்வின் – ஹெலன் தம்பதியர். மகள் சுடர்.' இந்த வரியை நான் எழுதல. நான் எழுதிக் குடுத்த பிரதி இந்தா இருக்கு. பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டிருக்கேன், கடைசிப் பக்கத்துல தேதியோட கையெழுத்து. அதுல எட்வின் – ஹெலன் தம்பதியர்னு இருக்கும், அதோட முற்றுப்புள்ளி. உங்க புரூஃப்ல முற்றுப்புள்ளிக்குப் பின்னால ஒரு பிள்ளை வந்து உக்காந்திருக்கு. எப்படி வந்துச்சு?

உங்களைச் சந்தேகப்படுதேன்னு நினைக்காதீங்க. சந்தேகப்படத்தான் செய்யுதேன், ஆனா உங்களை மட்டும் இல்ல. நீங்களேதான் அடிக்கிறீங்க, நீங்களேதான் அச்சுப் போடுறீங்க. யாரோ சீட்டுக் கொண்டாந்து குடுத்தாங்கங்கிறீங்க. யாருன்னு கேட்டா ஜன்னலைப் பாக்கீங்க. எட்வின் வந்தானா? அவன் வரலைன்னா ஹெலன் போன்ல சொன்னாளா? இல்ல என் தம்பி குணசீலனா? அவனுக்கு இந்தக் குடும்ப வரலாற்றுப் புத்தகம் வருதுன்னு கேட்டதுல இருந்தே வயித்தெரிச்சல். சரி, சொல்ல வேண்டாம். அந்தச் சீட்டைத் தேடி எடுங்க. மூலத்தைப் பாக்காம நான் ஒண்ணும் பேசுறதில்ல. தேடுங்க, நான் இந்த நாற்காலியிலயே இருக்கேன். டீ வேண்டாம்.

என் தொழில் உங்களுக்குத் தெரியுமா? வெறுமனே ரிட்டயர்டு ஆளுன்னு நினைச்சிருப்பீங்க. முப்பத்தெட்டு வருஷம் பத்திரம் எழுதினவன் நான். ஆரோன்புரம் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்கு எதிர்த்தாப்புல வேதமாணிக்கம்னு கேட்டா இப்பவும் சொல்லுவாங்க. ஒருத்தன் நிலம் விக்க வந்தா மத்தவங்க நிலத்தைப் பாப்பாங்க. நான் தாய்ப் பத்திரத்தைப் பாப்பேன். இவனுக்கு இது எப்படி வந்துச்சு, இவன் அப்பனுக்கு எப்படி வந்துச்சு, அந்த அப்பனுக்கு யாரு குடுத்தா? எங்கயாவது ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தா அங்க வில்லங்கம் இருக்கு. இருந்தே தீரும். சிரிச்ச முகமா வந்து நிப்பான், பொண்டாட்டி பிள்ளையோட வந்து நிப்பான், அதெல்லாம் எனக்குக் கணக்கு இல்ல. என் மேஜையில எழுதின பத்திரம் ஒண்ணுகூட கோர்ட்டுக்குப் போனதில்ல.

அந்தக் கண்ணாலதான் இந்தப் புத்தகத்தையும் எழுதினேன். எங்க குடும்பத்துல முதல்ல ஞானஸ்நானம் வாங்கினவர் எங்க அப்பாவோட தாத்தா, மாசிலாமணி. அவருல இருந்து என் மகன் வரைக்கும் அஞ்சு தலைமுறை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் குடும்பம் மொத்தமும் ஊர்ல கூடுது. பம்பாயில இருந்து வாராங்க, மலேசியாவுல இருந்து வாராங்க. அன்னைக்கு ஆளுக்கு ஒரு புத்தகம் கையில குடுக்கணும்னு நாலு வருஷமா அலைஞ்சேன். ஒவ்வொரு சபையா ஏறி இறங்கி ஞானஸ்நான ரிஜிஸ்டரைப் பாத்து எழுதினேன். கரையான் அரிச்ச ரிஜிஸ்டர்ல பேரு பாதி இருக்கும், பாதி இருக்காது. பாதிப் பேரை நான் ஒருநாளும் ஊகிச்சு எழுதினதில்ல. விதி ஒண்ணுதான். பிறப்பால வந்தவங்க பேரு வரும். கட்டி வந்தவங்க துணைன்னு வரும். வேற வழியா யாரும் வர முடியாது.

அந்த விதியைத்தான் இந்த ஒன்பதாவது வரி உடைக்குது.

எட்வின் என் ஒரே மகன் பாய். மதுரையில ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துல வேலை. ஹெலன் நாகர்கோவில் பக்கத்துப் பொண்ணு, கணக்கு டீச்சர். கல்யாணம் ஆகி பதினோரு வருஷம், பிள்ளை இல்ல. அதைப் பத்தி நான் ஒரு வார்த்தை அவங்ககிட்டக் கேட்டதில்ல. சொந்தக்காரங்க கேப்பாங்க, நான் பேச்சை மாத்திடுவேன். போன ஏப்ரல்ல, ஈஸ்டருக்கு மறு வாரம், ஆட்டோவுல வந்து இறங்குதாங்க. ஹெலன் கையில துணியில சுத்தி ஒரு பிள்ளை. அஞ்சு மாசம் இருக்கும். பொம்பளைப் பிள்ளை. தத்து எடுத்திருக்கோம்னு எட்வின் சொன்னான். என் வீட்டுக்காரி சற்குணம் ஒண்ணுமே கேக்கல. கையை நீட்டி வாங்கிட்டா. வாங்கி, தோள்ல சாய்ச்சு, உள்ள போயிட்டா. எனக்கு அது அப்பவே உறுத்துச்சு. இவளுக்கு முன்னாலயே தெரியுமோ? என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியுமோ?

நான் கேட்டது ஒண்ணுதான். காகிதம் எங்கன்னு கேட்டேன். எட்வின் தயாரா வச்சிருந்தான், அப்பனைப் பத்தித் தெரியாதா? அரசாங்க வழியாப் பதிவு பண்ணி, மூணு வருஷம் காத்திருந்து, கலெக்டர் ஆபீஸ் உத்தரவு வாங்கி, எல்லாம் முறைப்படி. பிறப்புச் சான்றிதழும் இருந்துச்சு. தகப்பன் பேரு எட்வின், தாய் பேரு ஹெலன். வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன். முத்திரை சரி, நம்பர் சரி, கையெழுத்து சரி. பெத்தது மட்டும் இவங்க இல்ல. என் வாழ்க்கையில எத்தனையோ போலிப் பத்திரம் பாத்திருக்கேன். இது அப்படி இல்ல. எல்லாம் அசல், எழுதியிருக்கது மட்டும் நடக்காத விஷயம். சர்க்காரே இப்படி எழுதிக் குடுத்தா மனுசன் எதை நம்புறது?

பெத்தவ யாருன்னு கேட்டேன். தெரியாதுன்னான். சொல்ல மாட்டாங்களாம், சொல்லக் கூடாதுன்னு சட்டமாம். மறைக்கிறதுக்குன்னு ஒரு சட்டம் போட்டிருந்தா மறைக்க வேண்டியது ஒண்ணு இருக்குன்னுதானே அர்த்தம்? சரி, பேரையாவது மாத்தினியான்னு கேட்டேன். எங்க குடும்பத்துல வேதத்துப் பேருதான் வைப்போம். சுடர்ங்கிறது தத்து குடுத்த இல்லத்துல பிள்ளையைப் பாத்துக்கிட்ட ஆயாம்மா வச்ச பேராம். அந்தப் பேரைச் சொன்னா திரும்பிப் பாக்காளாம், அதனால அதையே வச்சிட்டானாம். பேரு வைக்கிறது தகப்பனோட உரிமை பாய். அதையும் எவளோ ஒருத்திக்கு விட்டுக் குடுத்திட்டு வந்து நிக்கான்.

அன்னைக்கே சற்குணம் ஆரம்பிச்சா, புத்தகத்துல பிள்ளை பேரைச் சேர்த்திடுங்கன்னு. நான் விதியைச் சொன்னேன். அதுக்கு அவ சொன்னா, அப்ப யோசேப்பு பேரு மட்டும் எப்படி வந்துச்சுன்னு.

உங்களுக்கு அது புரியாது, சொல்லுதேன். தேடிக்கிட்டே கேளுங்க.

உங்க வேதத்துலயும் மரியம் அம்மா உண்டு, ஈசா உண்டு, எனக்குத் தெரியும். ஆனா அந்தம்மாவுக்குப் புருஷன்னு ஒருத்தர் கிடையாதாமே? உங்க தெருவுல ஆலிம் ஒருத்தர் சொன்னாரு. அப்ப உங்களுக்கு இந்தச் சிக்கல் இல்ல. எங்களுக்கு யோசேப்புன்னு ஒருத்தர் இருக்காரு, தச்சு வேலைக்காரர். வில்லங்கமே அவருகிட்டதான். சுவிசேஷத்தைத் திறந்த உடனே, தேவதூதன் நட்சத்திரம் எல்லாத்துக்கும் முன்னால, முதல் பக்கத்துல ஒரு வம்சப் பட்டியல் இருக்கு. இன்னவன் இன்னவனைப் பெற்றான், அவன் இன்னவனைப் பெற்றான்னு நாப்பது தலைமுறைக்கு மேல. கோயில்ல அதை வாசிக்க ஒருத்தரும் வர மாட்டாங்க. பேரெல்லாம் வாயில நுழையாது. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, இருபத்தாறு வருஷமா நான்தான் வாசிக்கேன். ஒரு எழுத்துப் பிசகாது. சனங்க கொட்டாவி விடுவாங்க. எனக்கு அதுதான் வேதத்துலயே சிறந்த பக்கம். ஏன்னா அது பத்திரம். தாய்ப் பத்திரத்துல இருந்து கண்ணி விடாம வருது.

முழுக்க வரலைன்னும் சொல்லணும். கடைசியில ஒரு கண்ணி விட்டுப்போகுது. அத்தனை தலைமுறை பெற்றான் பெற்றான்னு வந்து, யோசேப்புகிட்ட வந்ததும் வாசகம் மாறிடும். யோசேப்பு பெற்றான்னு இல்ல. மரியாளுக்குப் புருஷன் யோசேப்பு, அந்த மரியாளுக்கு இயேசு பிறந்தாருன்னு இருக்கும். அப்ப எதுக்கய்யா இத்தனை தலைமுறை இவருகிட்டக் கொண்டுவந்தீங்க? இவரு ரத்தம் இல்லைன்னா இந்தப் பட்டியலே செல்லாதே. என்கிட்ட ஒருத்தன் இப்படி ஒரு பத்திரத்தைக் கொண்டுவந்தா திருப்பி அனுப்பிடுவேன். அந்தப் பட்டியல்லயே நான் எழுதியிருந்தா விட்டிருக்கக் கூடிய பொம்பளைப் பேரு நாலு இருக்கு, அது வேற கதை. ஒருத்தி முக்காடு போட்டு வழியில உக்காந்தவ, ஒருத்தி வேசி, ஒருத்தி வேற சாதி சனம், ஒருத்தி இன்னொருத்தன் பொண்டாட்டி. எதுக்கு இதையெல்லாம் எழுதி வைக்கணும்?

மாறி மாறி வந்த குருவானவர் எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். ஒருத்தர் சொன்னாரு, பிள்ளைக்குப் பேரு வச்சது யோசேப்பு, பேரு வச்சு என் பிள்ளைன்னு ஏத்துக்கிட்டா அந்தக் காலத்துச் சட்டப்படி அவரு தகப்பன்தான், அந்த வழியிலதான் இயேசு தாவீது ராஜா வம்சம் ஆனாருன்னு. நல்ல பதில்தான். எனக்கு ஒட்டல.

யோசேப்பை எனக்குப் பிடிக்கும் பாய், தப்பா நினைக்காதீங்க. நிச்சயம் பண்ணின பொண்ணு மாசமா இருக்கான்னு தெரிஞ்சதும் சந்தேகப்பட்டாரு பாருங்க, அதுவரைக்கும் அவரு என் ஆளு. ஊர் கூட்டாம சத்தமில்லாம விலக்கி விட்டிரலாம்னு நினைச்சாரு. அதுவும் நியாயம். சொப்பனத்துக்கு அப்புறம்தான் அவரு எனக்குப் புரியல. தூங்கும்போது ஒரு தூதன் வந்து சொன்னானாம், எந்திரிச்சுப் போய்ச் சேர்த்துக்கிட்டாராம். ஒரு சொப்பனத்தை வச்சு யாராவது முடிவெடுப்பாங்களா? எழுத்து உண்டா? சாட்சி உண்டா? இதைச் சொன்னப்ப சற்குணம் அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தா. நிமிரவே இல்ல. "அவருக்குச் சேர்த்துக்கணும்னு மனசு இருந்துச்சு, சொப்பனம் வந்துச்சு. உங்களுக்கு வராது"ன்னா.

எனக்கு வராதாம்.

இன்னும் கிடைக்கலையா? அந்த இழுப்பறையில பாத்தீங்களா? பாத்துட்டீங்க. சரி.

அதுக்குப் பின்னால எனக்கு இன்னொண்ணு உறுத்த ஆரம்பிச்சுது. பிள்ளையோட காது. மேல் மடல் இப்படி லேசா மடங்கி இருக்கும். எங்கயோ பாத்த காது. ரெண்டு நாள் யோசிச்சேன், பிடிபட்டிருச்சு. ஹெலனோட தங்கச்சி ஷைனி. பெங்களூர்ல நர்ஸ் படிப்பு முடிச்சு அங்கயே வேலையில இருந்த பொண்ணு. போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவ ஊருக்கு வரல. அதுக்கு முன்னால ஈஸ்டருக்கும் வரல. கேட்டா வேலை ஜாஸ்தி, லீவு இல்லைன்னாங்க. பிள்ளைக்கு ஏப்ரல்ல அஞ்சு மாசம்னா பிறந்தது நவம்பர். கூட்டிப் பாருங்க. நான் கூட்டினேன். மனுசன் மூளைக்கு வேலை குடுத்தா அது கூட்டத்தான் செய்யும்.

வீட்டுல யார்கிட்டயும் சொல்லல. அக்டோபர்ல ஒரு புதன்கிழமை காலையில பஸ் ஏறி ஹெலன் பிறந்த ஊருக்குப் போனேன். சம்பந்தி வீட்டுப் பக்கமே போகல. விசாரிச்சேன். விசாரணைன்னா எப்படிச் செய்யணும்னு எனக்குத் தெரியும், பார்ட்டிகிட்டக் கேக்கக் கூடாது, அக்கம்பக்கத்துலதான் கேக்கணும். கோயில் மணியடிக்கிறவர்கிட்டக் கேட்டேன். டீக்கடையில கேட்டேன். பஸ் ஸ்டாப்புல ஒரு கல்யாணத் தரகர் இருந்தாரு, அவருகிட்டயும் பேச்சு குடுத்தேன். குற்றமா ஒரு வார்த்தை சொல்லல. அந்தப் பொண்ணு ஒரு வருஷம் ஊருக்கே வராம இருந்துச்சாமே, ஏன்னு கேட்டேன். அவ்வளவுதான். என் மருமகளுக்கு ஒரு கைப்பிள்ளை வந்திருக்குன்னும் சொன்னேன். ரெண்டையும் நான் சேர்த்துச் சொல்லல. கேட்டவங்க சேர்த்துக்கிட்டா நான் என்ன செய்ய?

ஷைனிக்கு செப்டம்பர்ல நிச்சயம் ஆகியிருந்துச்சு. அது எனக்குத் தெரியாது. தெரியும், ஆனா ஞாபகத்துல இல்ல. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காதுக்கு என்ன போச்சோ, எப்படிப் போச்சோ, நேரா வந்து கேட்டிருக்காங்க, உங்க பொண்ணு ஒரு வருஷம் எங்க இருந்தா, ஒரு பிள்ளையைப் பத்திச் சொல்லுதாங்களேன்னு. அப்பதான் வெளிய வந்துச்சு. அவளுக்கு முதுகெலும்புல டிபி. ஆஸ்பத்திரியில வேலை பாத்த பொண்ணு, எங்க இருந்து ஒட்டுச்சோ. ஒரு வருஷத்துக்கு மேல படுக்கையிலயும் மாத்திரையிலயுமா கிடந்து குணமாகியிருக்கா. கல்யாணம் ஆகணுமேன்னு அம்மாவும் அப்பாவும் ஹெலனும் மூடி வச்சிருக்காங்க. ஆஸ்பத்திரிக் காகிதம் எல்லாத்தையும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னால ஷைனியே எடுத்துப் போட்டாளாம். அவங்க புரட்டிப் பாத்துட்டு, யோசிச்சுச் சொல்லுதோம்னாங்களாம். யோசிக்க வேண்டாம்னு சொல்லி, நிச்சயத்துக்குப் போட்ட மோதிரத்தை அவளே கழட்டி வச்சிட்டாளாம்.

ஆக, மறைச்ச விஷயம் ஒண்ணு இருந்துச்சா இல்லையா பாய்? வில்லங்கம் இருக்குன்னு நான் சொன்னேன், இருந்துச்சு. வேற வில்லங்கம். ஆனா இருந்துச்சு.

ஏன் அப்படிப் பாக்கீங்க?

எட்வின் நவம்பர்ல வந்தான். தனியா. சனிக்கிழமை காலையில பஸ் பிடிச்சு வந்து வாசல்லயே நிக்கான், செருப்பைக் கழட்டல. யார்கிட்ட விசாரிச்சீங்கன்னு கேட்டான். நான் மறைக்கல, மணியடிக்கிறவர், டீக்கடை, தரகர்னு வரிசையாச் சொன்னேன். "ஷைனிகிட்டக் கேட்டீங்களா?"ன்னான். பார்ட்டிகிட்ட யாரு கேப்பாங்கன்னு சொன்னேன். என் மகன் சத்தம் போட்டுப் பேசுற ஆள் இல்ல. அன்னைக்கும் சத்தம் போடல.

"அப்பா, சுடரைப் பெத்தது யாருன்னு எனக்குத் தெரியாது. ஹெலனுக்கும் தெரியாது. தெரியாமலே வளர்க்கிறோம்னுதான் கையெழுத்துப் போட்டு வாங்கினோம். ராத்திரி முழிச்சா அவ என்னைத்தான் தேடுதா. எனக்கு அது போதும். உங்களுக்குப் போதாதுன்னா நாங்க வரலை, குடும்பக் கூட்டத்துக்கும் வரலை, வீட்டுக்கும் வரலை."

சொல்லிட்டுப் போயிட்டான். சற்குணம் காபி போட்டுக்கிட்டு வந்து நிக்கா, அவன் தெருமுனை தாண்டிட்டான். அந்த டம்ளரை அப்படியே மேஜையில வச்சிட்டு உள்ள போனா. அதுல இருந்து அவ என் முகத்தைப் பாத்து ஒரு வார்த்தை பேசினதில்ல. சோறு போடுவா, மாத்திரை எடுத்து வைப்பா, வெந்நீர் வைப்பா. முகத்தைப் பாக்க மாட்டா. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? கேட்டேன். கேக்கிறது குத்தமா?

இதுக்கு நடுவுலதான் இந்த ஞாயிறு வந்துச்சு.

வழக்கம் போல நான்தான் வாசிக்கணும். போனேன். கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டேன். நல்லாத்தான் போச்சு. பெற்றான், பெற்றான், பெற்றான்னு ஒரு வேகத்துல போகும் அது, ஒரு தாளம் இருக்கும். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனது வரைக்கும் வந்துட்டேன், அதையும் தாண்டிட்டேன். அடுத்து யோசேப்பு. 'யோசேப்பு இயேசுவைப் பெற்றான்'னு வாசிச்சிட்டேன்.

வாய் வேகம் பாய். அத்தனை தடவை பெற்றான்னு சொன்ன நாக்கு, கூட ஒண்ணு சொல்லிடுச்சு. அந்த மைக் வேற சரியில்ல. இருபத்தாறு வருஷத்துல முதல் தடவை. யாரும் சிரிக்கல. சிரிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். நான் திருத்தி வாசிச்சிருக்கலாம், ஒரு வரிதானே. வாசிக்கல. அப்படியே புத்தகத்தை மூடிட்டு இறங்கிட்டேன். இறங்கும்போது பெண்கள் பக்கத்துல மூணாவது வரிசையில சற்குணம் நிமிர்ந்து என்னைப் பாத்தா. ஒரு மாசத்துக்குப் பின்னால அப்பதான் பாத்தா.

ஆராதனை முடிஞ்சு குருவானவர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். சின்ன வயசுக்காரர், இந்த வருஷம்தான் வந்திருக்காரு. திருத்திச் சொல்லலாமான்னு பாத்தேன் ஐயா, எனக்கு மனசு வரலைன்னு சொன்னாரு. என்ன அர்த்தத்துல சொன்னாருன்னு இன்னும் எனக்குத் தெரியல. யாராவது ஏதாவது சொல்லிக் குடுத்திருப்பாங்களோன்னு இருக்கு.

வீட்டுக்கு வந்து சாப்பிட உக்காந்தேன். சற்குணம் அவளா வாயைத் திறந்தா. புத்தகம் அச்சுக்குப் போயிருச்சான்னு கேட்டா. போயிருச்சு, பாளையங்கோட்டையில ஒரு பாய் அச்சுப் போடுறாருன்னேன். எந்தத் தெருன்னு கேட்டா. மார்க்கெட் பின்னாலன்னு சொன்னேன். எதுக்குக் கேக்கான்னு நான் யோசிக்கல. பேசுறாளேன்னு சொல்லிட்டேன். மறுநாள் காலையில மூட்டுவலிக்கு டாக்டரைப் பாக்கணும்னு கிளம்பினா. துணைக்கு வரவான்னு கேட்டதுக்கு வேண்டாம்னுட்டா. தனியா பஸ் ஏறிப் பழக்கமே இல்லாதவ. மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் திரும்பினா. மருந்துச் சீட்டு ஒண்ணும் கொண்டாரல.

பாய், கொஞ்சம் இருங்க.

தேடாதீங்க. நீங்க தேடவே இல்லைன்னு இப்பத் தெரியுது. உங்க சட்டைப் பையிலதானே இருக்கு? குடுங்க.

ம்.

இந்தத் தாளு என் தாளு. நான் கிறுக்கி எறிஞ்ச வரைவோட பின்பக்கம். எழுத்தை நான் பாக்க வேண்டியதில்ல, இருந்தாலும் பாக்கேன், அது பழக்கம். பென்சில்ல எழுதி மேல பேனா ஓட்டியிருக்கா. 'ஹெலன்'ல 'ஹெ' வராம ரெண்டு தடவை அடிச்சிருக்கா. அவளுக்கு அந்த எழுத்து எழுதிப் பழக்கம் இல்ல. 'சுடர்' மட்டும் ஒரே மூச்சுல எழுதியிருக்கு, எங்கயும் நிக்கல. இதை எழுதிப் பாத்திருக்கா, நிறையத் தடவை. கீழ தேதி. அதுக்குக் கீழ 'சாட்சி'ன்னு போட்டு 'வே. சற்குணம்'.

சாட்சின்னு போட்டிருக்கா பாருங்க. சாட்சி இல்லாத எழுத்து செல்லாதுன்னு வீட்டுல நான் புலம்பினதைக் கேட்டுக்கிட்டே இருந்திருக்கா. அது அவ காதுல விழலைன்னு நான் நினைச்சிருந்தேன்.

என்ன சொன்னா உங்ககிட்ட? சொல்லுங்க, இனிமே என்ன. இந்த நாற்காலியிலயா உக்காந்தா? ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாளா. சரி. அப்புறம்? அவரு வந்து கேட்டாக் காட்டுங்க, கேக்காட்டி காட்ட வேண்டாம்னாளா. கேக்காம இருக்க மாட்டேன்னு அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சுதான் சொல்லியிருக்கா. முட்டி வீங்கிப் போன காலோட பஸ் மாறி வந்து, இந்தப் படியேறி, ஒரு வரிக்காக. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டா நான் விதியைச் சொல்லியிருப்பேன்.

கொஞ்சம் தண்ணி குடுங்க பாய்.

வரியை எடுத்திரவான்னு கேக்கீங்க. எடுக்கக் கூடாது. நான் மனசு மாறிட்டேன்னு நினைச்சுக்கிடாதீங்க. சட்டம் சொல்லுதேன். இடையில சேர்த்த வரிக்கு சாட்சி கையெழுத்து இருந்தா அதை எழுதினவன் இஷ்டத்துக்கு அடிக்க முடியாது. ஆனா வரியில ஒரு பிழை இருக்கு, அதை நான் பாத்துட்டு விட முடியாது. பேனா குடுங்க. பிள்ளை பேருக்கு முன்னால இனிஷியல் இல்ல. பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போனா முதல் கேள்வி அதுதான். தகப்பன் பேரு எட்வின். எ. சுடர். இந்தா, எழுதிட்டேன். இப்படியே போடுங்க.

மெஷினை ஓட்டலாம். எனக்கு இந்தப் பக்கம் ஒரு தாள் மட்டும் இப்பவே வேணும். கசங்காம ஒரு உறையில போட்டுக் குடுங்க. சற்குணத்துக்கா? அவளுக்கு நான் வீட்டுக்குப் போய் வாயாலயே சொல்லிக்கிடுதேன். இது எட்வினுக்கு. தபால்ல போட்டா கிறிஸ்துமஸுக்குள்ள போய்ச் சேருமோ என்னமோ. ஹெலனோட அப்பா வீட்டுக்குத்தான் ரெண்டு பேரும் பிள்ளையோட நாளைக்கு வாராங்கன்னு சற்குணம் போன்ல பேசினது காதுல விழுந்துச்சு. அங்க நேர்லயே கொண்டுபோயிரலாம்னு பாக்கேன். நாகர்கோவில் பஸ்ஸுக்கு இங்க இருந்து புது பஸ் ஸ்டாண்டுதானே போகணும்?

எட்வினுக்கு இந்தத் தாளைக் குடுத்திரலாம். ஷைனியும் அந்த வீட்டுலதான் இருக்கா, அவளுக்கு என்ன குடுக்க? அவ கதைக்கு இந்த மாதிரி ஒரு வரி சேர்த்து, ஒரு இனிஷியல் போட்டு, சரிபண்ண முடியாது. அந்த மாப்பிள்ளை வீட்டுச் சம்பந்தம் போனது போனதுதான். ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம அவ உடம்பைப் பத்திப் பேசுறது பேசுறதுதான். டீக்கடையில நான் உக்காந்திருந்தது அரைமணி நேரம்கூட இருக்காது.

போய் என்ன சொல்லுவேன்னு கேக்காதீங்க, எனக்குத் தெரியல. உடம்பு எப்படிம்மா இருக்குன்னு விசாரிப்பேன். அவளைப் பத்தி அந்த ஊருல எல்லார்கிட்டயும் விசாரிச்சேன், அதை மட்டும் விசாரிக்கல. அவங்க வீட்டு வாசல்ல கம்பிக் கதவு உண்டு, உள்ள இருந்தே வந்தது யாருன்னு பாத்துக்கிடலாம். திறக்க மாட்டா பாய். நானா இருந்தா திறக்க மாட்டேன்.

வெளிய நின்னே கேக்கேன்.